ஒரே அட்டவணையில் இரு தரப்பையும் காத்த எங்கள் பூட்டக்காவுக்கு

வரிகளின் காவலரே! வாசலின் வலிமையே! கேட்பவர் யாரென்று அறியாமல் ஒரு சொல்லையும் உதிர்க்காத தரவுத்தளத்தின் தலைவியே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்காவே! வணக்கம்.

விடைபெறுபவருக்கு மடல் எப்படி எழுத வேண்டும் என்று மனிதவளப் பிரிவினர் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். "கடமையில் கதிரவனே, கனிவில் வெண்ணிலவே" என்று தொடங்கியது. சென்ற ஆண்டு கணக்குப் பிரிவுப் பெரியவர் விடைபெற்றபோதும் இதே கதிரவன்தான், இதே வெண்ணிலவுதான். அதை எடுத்து உங்களுக்கும் சூட்டினால், ஒருவருக்குரியதை இன்னொருவருக்குக் காட்டிய குற்றம் எங்களைச் சேரும். அந்தக் குற்றம் என்ன செய்யும் என்று இந்தக் கூடத்தில் இருக்கும் ஊழியர் அனைவருக்கும் தெரியும். எனவே இது உங்களுக்கென்றே எழுதிய மடல். பிழை தேடும் பிரிவினர் எழுதினோம். எல்லாப் பிரிவினரும் ஒப்பமிட்டிருக்கிறோம். "தாங்கள், தங்கள்" என்று எழுதிப் பார்த்தோம்; படித்தால் நீங்கள் திரும்பிப் பார்த்து வேறு யாரையோ தேடுவீர்கள் என்று தோன்றியதால் "நீங்கள்" என்றே விட்டுவிட்டோம். மகிழ்ச்சியாக எழுதவும் முயன்றோம். வரவில்லை, மன்னியுங்கள்.

இந்த விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமா எங்களை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் எங்களுக்கு அக்கா என்றால் உங்கள் கணவர் எங்களுக்கு மாமாதானே! "இத்தனை வருஷமா இவ அங்க என்னதாம்பா வேலை பாத்தா? கேட்டா, ஒண்ணும் நடக்காம பாத்துக்கிட்டேன்னு சொல்றா. இது ஒரு வேலையா?" என்றார். நீங்கள் சமையலறையிலிருந்து சிரித்தீர்கள். அதற்கான பதிலை முன்வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கும் மாமாவுக்கு இப்போது சொல்கிறோம்.

மாமா, வழக்கறிஞர் அலுவலகங்கள் தங்கள் கட்சிக்காரரின் பெயர், முகவரி, வாய்தா நாள், வாக்குமூலம் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ளும் இணையச் செயலி ஒன்றை நாங்கள் நடத்துகிறோம். நூற்றுக்கணக்கான அலுவலகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று தனிப் பெட்டகம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் இருப்பது ஒரே தரவுத்தளம், அதற்குள் எல்லாருக்கும் பொதுவான அட்டவணைகள். அத்தனை பேரும் ஒண்டுக்குடித்தனம்! கணவனின் வழக்கறிஞர் எழுதிய வரியும் மனைவியின் வழக்கறிஞர் எழுதிய வரியும் அடுத்தடுத்துப் படுத்திருக்கும். எந்த வரி எந்த அலுவலகத்துக்கு உரியது என்று அதன் முனையில் ஓர் எண் மட்டும் இருக்கும். நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் "இந்த அலுவலகத்தின் வரிகள் மட்டும் வேண்டும்" என்று மறக்காமல் எழுதினால் எல்லாம் நலம். ஒருவர் ஓரிடத்தில் மறந்தால், ஒரு வீட்டுக் குப்பை இன்னொரு வீட்டு முற்றத்தில் கொட்டிவிடும்.

மனிதர் மறப்பர் என்பதில் எங்கள் அக்காவுக்கு மலைபோல் நம்பிக்கை. ஆகவே எங்கள் நினைவை நம்பாமல், தரவுத்தளத்தின் உள்ளேயே விதி ஒன்றை எழுதினார். யாருக்காகக் கேட்கிறாய் என்று முதலில் சொல். சொன்னால் அவருடைய வரிகள் மட்டும் கண்ணில் படும். சொல்லாவிட்டால் அட்டவணையே வெறுமையாகத் தெரியும். நாங்கள் மறந்தாலும் வாசல் மறக்காது. அக்கா, அன்று மேலாளர் வந்து "வேகம் குறையுது மேடம்" என்றார். "குறையட்டும் சார், மானம் குறையாம இருந்தாச் சரி" என்றீர்கள். அன்றே உங்களுக்குப் பூட்டக்கா என்று பெயர் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நீங்களே ஒருநாள் எல்லாருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் "இப்படிக்கு, பூட்டக்கா" என்று கையெழுத்திட்டு எங்கள் முகத்தில் அசடு வழிய வைத்தீர்கள்.

அஞ்சாத நெஞ்சரே! ஐயப்படுவதையே அறமாகக் கொண்டவரே! புதிதாகச் சேர்ந்த எவருக்கும் நீங்கள் தந்த வரவேற்பை எங்களில் யார் மறப்பார்? சோதனைக் கணினியில் நாய் ஆபீஸ், பூனை ஆபீஸ் என்று இரண்டு பொய் அலுவலகங்களை உருவாக்கி வைத்திருந்தீர்கள். முதல் நாள் காலை, வந்தவர் பையை இறக்கி வைக்கும் முன்பே நாற்காலியை இழுத்துப் போடுவீர்கள். "உக்காருப்பா. இப்ப நீ நாய் ஆபீஸ்ல வேலை பாக்குற. பூனை ஆபீஸோட கேஸ் கட்டு ஒண்ணைத் திருடிக் காட்டு. காட்டிட்டா இன்னிக்கு உனக்கு லீவு." எங்களில் ஒருவருக்கும் அந்த விடுப்பு கிடைத்ததில்லை. எங்கள் அணியிலேயே வேகமாக நிரல் எழுதுகிறவரும், அதனால் புயல் என்று பெயர் பெற்றவருமான தம்பி, மதியச் சாப்பாடு வரை முயன்று தோற்று, கடைசியில் எழுந்து போய்ப் பக்கத்து மேசைக்காரரின் திரையை எட்டிப் பார்த்துப் பூனையின் கட்டைப் படித்துவிட்டார். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை, அந்தத் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இது எனக்குத் தோணலையே" என்று அவருக்கு விடுப்புக் கொடுக்கப் பார்த்தீர்கள். அவர்தான் வெட்கப்பட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

வழக்கமான மடலில் இந்த இடத்தில் விருதுகள் வரும். உங்களுக்கு ஒரு விருதும் கிடையாது. நடக்காமல் போனதற்கு எவரும் மேடை போடுவதில்லை. நடந்துவிட்ட ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டினால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மாமா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நீங்கள் விடுப்பில் இருந்த காலம் அது. வழக்குத் தேடும் திரை ஆமை வேகத்தில் வருகிறது என்று அலுவலகங்கள் அலறின. புயல் ஒரு வழி கண்டார். அடிக்கடி கேட்கப்படும் வழக்குக் கட்டுகளின் நகலைத் தரவுத்தளத்துக்கு வெளியே, நீங்கள் காத்த வாசலுக்கு முன்னால், விரைவு அலமாரி ஒன்றில் வைப்பது. யாராவது கேட்டால் முதலில் அலமாரியைப் பார்ப்பது; அங்கே இருந்தால் அங்கிருந்தே கொடுத்துவிடுவது; உள்ளே போய்க் கேட்கிற வேலை மிச்சம். திரை கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. எல்லாரும் கைதட்டினோம், மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அலமாரியில் இருந்த ஒவ்வொரு நகலின் மேலும் நீதிமன்றம் தந்த வழக்கு எண்ணை ஒட்டியிருந்தோம். எந்த அலுவலகத்தின் நகல் என்பதை ஒட்டவில்லை.

நீதிமன்றம் ஒரு வழக்குக்கு ஒரே எண்தான் தரும். வழக்குத் தொடுத்தவரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் தேடுவார், எதிர்த்து நிற்பவரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் தேடுவார். ஆகவே அந்த அலமாரி யாருடைய கட்டையோ யாருக்கோ தவறிக் கொடுக்கவில்லை. எவர் கண்ணில் படக் கூடாதென்று ஒருவர் எழுதி வைத்தாரோ, குறி தவறாமல் அவர் கையிலேயே எடுத்துக் கொடுத்தது.

சோதிக்காமலா விட்டோம்? நாயாக நுழைந்து பூனையைக் கேட்டோம், பூனையாக நுழைந்து நாயைக் கேட்டோம். ஒரு வரியும் கசியவில்லை. எப்படிக் கசியும்? நாங்கள் கட்டி வைத்திருந்த உலகத்தில் நாய் ஆபீசும் பூனை ஆபீசும் ஒரே வழக்கில் எதிரெதிராக நின்றதே இல்லை. அதற்கு வேறு வழக்குகள், இதற்கு வேறு வழக்குகள். நாய்க்கும் பூனைக்கும் சண்டையே வராத ஊர் ஒன்றை உண்டாக்கி, அந்த ஊரில் எல்லாரும் பத்திரம் என்று சான்று கொடுத்தோம். வழக்கறிஞர்களுக்காகச் செயலி நடத்துகிறவர்களுக்குச் சண்டை என்ற ஒன்று மறந்துபோனது!

பிறகு ஒரு நாள் முற்பகலில் தொலைபேசி ஒலித்தது. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் எங்கள் தங்கச்சி எடுத்தாள். பேசியவர் ஒரு பெண் வழக்கறிஞர். கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினார் என்று தங்கச்சி இன்றும் சொல்லிச் சொல்லி மருகுகிறாள். "எங்க கட்சிக்காரரோட புது முகவரி எங்க ஆபீசைத் தவிர வேற யாருக்கும் தெரியாதும்மா. இன்னிக்குக் காலையில அவ புருஷன் அவ தெருவுல வந்து நிக்கிறான். அவனோட வக்கீல் ஆபீஸ்ல உங்க திரையிலதான் பாத்திருக்கான். எப்படி வந்துச்சு அங்க?"

அடிபட்டு, கையெலும்பு முறிந்து, சிறு மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறி ஒளிந்து வாழ்ந்தவள் அவள். மகளைப் பள்ளிக்கு அனுப்பக் கதவைத் திறந்திருக்கிறாள். எதிரே விளக்குக் கம்பத்தடியில் அவன் நின்றிருக்கிறான். கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, பின்பக்கச் சுவர் வழியாகக் குழந்தையை இறக்கி, தானும் இறங்கி, புத்தகப் பையைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறாள். ஓடும்போது வழக்கறிஞருக்கு ஓர் அழைப்பு, அவ்வளவுதான் செய்தி. எங்கே போனாள், அவன் பின்தொடர்ந்தானா, குழந்தை என்ன ஆனது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

நீங்கள் மருத்துவமனையிலிருந்து நேராக வந்தீர்கள். கையில் மாமாவுக்கு வாங்கிய மருந்துப் பை அப்படியே இருந்தது. அலமாரியைப் பிரித்துப் போட்டீர்கள். புயலை ஒரு வார்த்தை கடியவில்லை. கடிந்திருந்தால் அவர் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும், பாவம். இயக்குநர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பவிருந்த கடிதத்தில் "சிறு தொழில்நுட்பத் தடங்கல்" என்று எழுதியிருந்தார். அவர் அறைக்குள் போய் நின்றீர்கள். "கசிஞ்சிடுச்சுன்னு எழுதுங்க சார். யார் யாரோட கட்டு யார் யாருக்குப் போச்சுன்னும் எழுதுங்க. வீட்டை மாத்தணுமா, ஊரை மாத்தணுமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நம்ம மானத்துக்காக அவங்க கண்ணைக் கட்டக் கூடாது." கடிதம் அப்படியே போயிற்று. இயக்குநர் அதன்பின் உங்களிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசியதில்லை. இன்று மேடையில் உங்களுக்குச் சால்வை போடப்போவதும் அவர்தான். நீங்கள் இருவரும் புகைப்படத்துக்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சில நாள் கழித்து, உங்கள் வற்புறுத்தலின்பேரில், தங்கச்சி அந்த வழக்கறிஞரை அழைத்தாள். "அந்தப் பொண்ணும் பாப்பாவும் நல்லா இருக்காங்களா மேடம்? அது மட்டும் சொல்லுங்க" என்றாள். "எங்க கட்சிக்காரரைப் பத்தி உங்ககிட்ட இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். உங்ககிட்ட சொன்ன வரைக்கும் போதும்" என்று பதில் வந்தது. நியாயமான பதில். நியாயமான பதில்தான் மனத்தை அதிகம் அறுக்கிறது. அன்று முதல் தினமும் காலையில் உள்ளே வந்ததும் "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பீர்கள். யாரைப் பற்றி என்று நீங்கள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. இல்லை என்று நாங்கள் தலையசைப்போம். நீங்கள் கணினியைத் திறப்பீர்கள். மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவைப்பீர்கள்.

தெரிந்துகொள்ள வழி ஒன்று இருந்தது. அந்த வழக்கறிஞர் அலுவலகம் உடனே எங்களை விட்டுப் போகவில்லை. வேறு செயலி கிடைக்கும்வரை எங்கள் தரவுத்தளத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தது. அவள் உயிரோடு இருந்தால் அவள் வரியில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கும். எங்களில் ஒருவராலும் அதைப் பார்க்க முடியாது. நீங்கள் கட்டிய வாசல் எங்களையும்தான் வெளியே நிறுத்தியது. ஆனால் எல்லா வாசலையும் கடக்கும் ஒரே ஒரு திறவுகோல், ஆபத்துக் காலத்துக்கென்று வைத்தது, உங்களிடம் இருந்தது. ஒருநாள் தங்கச்சி உங்கள் மேசையருகே மண்டியிட்டு அழுதாள். "ஒரே ஒரு தடவை திறந்து பாருங்கக்கா. உயிரோட இருக்காளான்னு மட்டும். யாருக்கும் தெரியாது." அவள் தலையை வருடிக்கொண்டே, "தெரியக் கூடாததை ஒருத்தன் பாத்துதானே அவளுக்கு இப்படி ஆச்சு. நல்ல மனசோட பாத்தாலும் அது அதேதாம்மா" என்றீர்கள். வீட்டில் தன் செல்பேசியை நீங்கள் இத்தனை ஆண்டில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்று மாமா முன்பொருமுறை குறைபட்டுக்கொண்டதன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

சென்ற வாரம் அந்த அலுவலகம் விலகிப்போவதாக எழுதியது. ஒப்பந்தப்படி அவர்களுடைய ஒவ்வொரு வரியையும், காப்பு நகல்களில் இருப்பது உட்பட, அழித்துவிட வேண்டும். நீங்கள் இங்கே செய்த கடைசிப் பெரிய வேலை அதுவாக அமைந்தது. அலுவலகத்தின் எண்ணை மட்டும் சொன்னால் போதும், அவர்கள் வரிகள் ஒன்று குறையாமல், பிறர் வரி ஒன்று சேராமல் போய்விடும்; அத்தனை சுத்தமாகப் பிரித்து வைத்திருந்தீர்கள். கட்டளையை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவர் பின் ஒருவராக நாங்கள் வந்து உங்கள் நாற்காலியைச் சூழ்ந்து நின்றோம். யாரும் அழைக்கவில்லை.

அலமாரியைப் பிரித்துப் போட்ட நாளுக்குப் பிறகு உங்கள் முகம் பார்த்துப் பேசாதிருந்த புயல் அன்று பேசினார். "அக்கா, பேரு வேண்டாம். முகவரி வேண்டாம். அந்த வரியைக் கடைசியா என்னிக்கு மாத்தினாங்கன்னு தேதி மட்டும் பாருங்க. போன மாசத் தேதியா இருந்தா அவ இருக்கான்னு அர்த்தம். ஒரு தேதி போதும்க்கா, நான் தூங்கிடுவேன்." அவ்வளவு நாள் யோசித்து, எவருடைய அந்தரங்கமும் தொடாமல், அவர் கண்டுபிடித்த சின்னஞ்சிறு கேள்வி அது. எங்கள் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்க வேண்டும். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து அவர் பக்கம் திரும்பினீர்கள். "தம்பி, அந்தத் தேதியும் அவளோடதுதான்" என்றீர்கள். பிறகு விசையை அழுத்தினீர்கள்.

முடிந்தது என்று திரை சொன்னது. நீங்கள் முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதீர்கள். அதற்கு முன் நீங்கள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. புயல் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவரப் போன தங்கச்சி, கொண்டுவந்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டு நின்றாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எங்களில் சிலர் உங்கள்மேலேயே கோபப்பட்டோம். இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது அக்கா, பாராட்டு மடலில் பொய் சொல்லக் கூடாது.

பூட்டுக்குப் பெருமை சேர்த்த பூட்டக்காவே! உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்கப்போவதில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். உங்கள் வேலையை எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். எல்லாரும் பார்க்கும் வேலை எவரும் பார்க்காத வேலை என்பது உங்களுக்குத் தெரியும், சொல்லித்தந்ததே நீங்கள்தான். வேகம் வேண்டும் என்று மறுபடி கேட்பார்கள். யாராவது ஓர் அலமாரியை மறுபடி வாசலுக்கு முன்னால் வைப்பார்கள். "குறையட்டும் சார்" என்று சொல்ல எங்களில் யாருக்குத் துணிவு வரும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒருவரும் கை தூக்கவில்லை. உங்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்ப வேண்டிய நாங்கள் இப்படிக் கையைப் பிசைகிறோம்.

இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். வீட்டில் மாட்ட மனமில்லை என்றால் மாட்ட வேண்டாம், வருத்தப்பட மாட்டோம். மாமா ஊன்றுகோலை விட்டெறிந்து உங்களோடு மாலையில் நடக்கட்டும். உங்கள் கண்ணில் பழையபடி தூக்கம் வரட்டும், மதியச் சோறு தொண்டையில் இறங்கட்டும். நீங்கள் நலமோடும் நிறைவோடும் நூறாண்டு வாழ வேண்டும். அந்தப் பெண்ணும் அவள் மகளும் வாழ வேண்டும். முதலாவதை வாழ்த்தாக எழுதிவிட்டோம். இரண்டாவது வாழ்த்தா இரங்கலா என்று எங்களுக்குத் தெரியாது, அக்கா. இனி இங்கே எவருக்கும் தெரியாது.

கண்ணீரோடும் கைகூப்பியும்,
நிரல் பிரிவு, பிழை தேடும் பிரிவு, வாடிக்கையாளர் அழைப்புப் பிரிவு,
மற்றும் உங்கள் சக ஊழியர் அனைவரும்.